வியாழக்கிழமைக் கூட்டமும் கடைக்கால் பணமும்

பவானிக்கரை எழுதியது:

பவானிக்கும் கோபிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மஞ்சள் வியாபாரிகள், தறி வைத்திருப்பவர்கள், இரண்டு டாக்டர்கள், ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு சேவைச் சங்கம் இங்கே இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் இரவு ஏழரைக்குக் கூட்டம். அதில் கிளம்பிய ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எங்கள் கூட்டம் கலகலப்பானது. தலைவர் மணி அடித்ததும் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் செயலாளர் அறிக்கை. பிறந்தநாள், கல்யாணநாள் வந்தவர்கள் எழுந்து உண்டியலில் பணம் போட வேண்டும். பேத்தி பிறந்தாலும் போடணும், மஞ்சள் நல்ல விலைக்குப் போனாலும் போடணும். தாமதமாக வந்தால் அபராதம், செல்போன் அடித்தால் அபராதம். வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேச வைப்போம். கடைசியில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதமோ இட்லியோ சாப்பிடுவோம். பாதி காரியங்கள் அந்தப் பந்தியில்தான் முடிவாகும்.

ஹார்டுவேர் கடைக்கார அண்ணன் ஒரு விஷயத்தை எழுப்பியதும் அங்கேதான். பக்கத்து ஊராட்சியில் ஒரு அம்மா, மஞ்சள் குடோனில் கூலி வேலை. கரும்புச் சோகை வேய்ந்த குடிசை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒதுக்கி ஆணை வந்துவிட்டது. 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஆனால் அந்தப் பணம் மொத்தமாக வருவதில்லை. கடைக்கால் (அஸ்திவாரம்) போட்டு அடித்தளம் எழுப்பிய பிறகு அதிகாரி வந்து பார்த்து, போட்டோ எடுத்து ஏற்றி, அதன் பின் முதல் தவணை கணக்கில் விழும். கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம், மேல் தளம், வேலை முடிவு என்று மற்ற தவணைகளும் அப்படியே. கையில் ஒரு ரூபாய் இல்லாத அம்மா கடைக்காலை எப்படிப் போடுவார்? குடிசையையும் பிரித்தாயிற்று. 50,000 ரூபாய் தர ஒருவர் தயாராக இருந்தார், பத்து வட்டிக்கு. மாதம் 5,000 வட்டி. தவணை மூன்று மாதம் தள்ளிப்போனால் 15,000 ரூபாய் வட்டியிலேயே போய்விடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது, ஆனால் அவசரத்தில் கை நீட்டுகிறவர் சட்டத்தையா பார்ப்பார்?

எங்கள் சங்கம் இதுவரை வருடத்துக்கு ஒரு வீட்டை முழுதாகக் கட்டிச் சாவி கொடுத்து வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். அண்ணன் கேட்டது: அந்த ஒரு வீட்டுப் பணத்தைச் சுழல் நிதியாக வைத்து, அரசு ஆணை வாங்கியும் தொடங்க முடியாமல் நிற்பவர்களுக்குக் கடைக்கால் பொருளாகக் கொடுத்து, முதல் தவணை வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டால் எத்தனை வீடு எழும்பும்? எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. பழைய தலைவர்கள் சிலர் ஒப்பவில்லை. சேவைச் சங்கம் கடன் கொடுக்கிற இடமாகிவிடக் கூடாது என்கிறார்கள்.

காங்கயம் கொத்தனார் எழுதியது:

கடைக்கார அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரிங்க. நான் இந்த மாதிரி அரசு வீடுகள் நிறைய கட்டியிருக்கிறேன். 3.5 லட்சத்தை 360ஆல் வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. வெளியே காண்ட்ராக்டர் அதைப்போல இரண்டு மடங்கு கேட்பார். அதனால் குடும்பத்தில் ஆள் சித்தாள் வேலை பார்த்து, கல் மண் தாங்களே சுமந்து, தண்ணீர் தாங்களே ஊற்றினால்தான் கட்டுப்படியாகும்.

சங்கத்துக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கடைக்கால் தோண்டுகிற அன்றைக்கு யாராவது ஒருவர் நேரில் நிற்க வேண்டும். ஏன் என்றால், "பையனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு ரூம் வேணுமல்ல, இப்பவே சேர்த்துப் போட்டுடலாம்" என்று 360 சதுர அடி 500, 550 ஆகிவிடும். ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் அப்படித் தொடங்கிய வீடுகள்தான் லிண்டலோடு நின்று, உள்ளே வேலாமரம் முளைத்துக் கிடக்கின்றன. பின்னால் கூட்டிக் கட்டிக்கொள்ள இடம் விட்டு, இப்போதைக்குத் திட்டத்தில் உள்ள அளவை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மண். காங்கயம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கெட்டி தட்டிவிடும். கரிசல் காடு அப்படி இல்லை. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண், ஆழமாகப் போகணும், மணல் நிரப்பணும், கடைக்காலுக்கே செலவு கூடும். எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைத்துவிடாதீர்கள். மேல் தளம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிகிற மாதிரி கணக்குப் பண்ணித் தொடங்குங்கள். தையில் கடைக்கால் போட்டால் நிம்மதி.

சென்னிமலைக்காரர் எழுதியது:

நான் பழைய தலைவர்கள் பக்கம். எங்கள் ஊரிலும் ஒரு சங்கம் உண்டு, மாதம் இரண்டு கூட்டம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தால் உறவு மாறிவிடும். தவணை வந்த அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குச் செலவாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டு வாசலில் போய் நிற்பீர்களா? கொடுத்தால் தானமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, வாரா வாரம் கூடுவது எதற்கு? வேலை வெட்டி உள்ளவர்களுக்கு அது சுமை. இளைஞர்கள் சேராததற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பவானிக்கரை எழுதியது:

சென்னிமலை அண்ணா, நேரடியாகக் கேட்டதற்கு நன்றி.

வாரக் கூட்டம் ரோட்டரி என்ற உலகளாவிய சேவை அமைப்பின் பழைய வழக்கம். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தொடங்கியபோது உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுற்றி வந்து கூடினார்கள், அதனால்தான் ரோட்டரி, அதாவது சுழல்வது, என்ற பெயரே. 2016இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சங்கத்திலும் குறைக்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். வீட்டு வேலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இந்த வாரம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) வரவில்லை, அடுத்த வாரம் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பொருந்தவில்லை, அதற்கடுத்த வாரம் அதிகாரி மாறுதலில் போய்விட்டார். பதினைந்து நாள் கழித்துக் கேட்டால் காரியம் ஆறிப்போய்விடும். வியாழக்கிழமை வந்தால் யாராவது எழுந்து "அந்த வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது?" என்று கேட்பார்கள் என்பதாலேயே பொறுப்பேற்றவர் புதன்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

பணம் திரும்பாவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். பத்திரம், புரோநோட், வெற்றுக் காசோலை எதுவும் வாங்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். வட்டி கிடையாது. பணமாகவும் கொடுக்கப் போவதில்லை. கல், சிமெண்ட், ஜல்லி கடையிலிருந்து நேராக மனைக்குப் போகும், பில் சங்கத்துக்கு வரும். நீங்கள் சொன்னபடி ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அது அந்த வாரக் கூட்டத்தில் பேசப்படும், அந்தத் தொகை தானம் என்று எழுதப்படும். வாசலில் போய் யாரும் நிற்க மாட்டார்கள். திரும்பி வருகிற பணம் அடுத்த வீட்டுக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். இந்த யோசனையைச் சொன்னபோது "எனக்கு அடுத்தது யாருங்க?" என்று அந்த அம்மாவே கேட்டார். கடனாளியாக நினைத்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பாரா?

குமாரபாளையம் தறி எழுதியது:

நீங்கள் எல்லோரும் மனை உள்ளவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் லைன் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு ரூம், வெளியே பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். பல இடங்களில் வீடும் வேலையும் ஒன்றோடு ஒன்று கட்டியிருக்கும். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அவர் கொடுத்த வீட்டில் இருப்பார்கள். வேறு தறிக்குப் போகணும் என்றால் முன்பணத்தையும் கட்டணும், வீட்டையும் காலி பண்ணணும். இவர்களுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? பட்டா இல்லாமல் கனவு இல்லமும் இல்லை, எதுவும் இல்லை.

காவிரிக் கரையில் இருக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது பவானியிலும் இங்கேயும் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2018லும் அப்படித்தான். ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கூட்டிப்போனார்கள். சேவைச் சங்கங்கள் எல்லாம் சாப்பாடு, போர்வை, பாய் என்று கொண்டுவந்து குவித்தன, அதை மறக்க மாட்டோம். ஆனால் தண்ணீர் வடிந்ததும் அதே சுவருக்குத் திரும்பிப் போனார்கள். ஈரம் ஊறிய சுவர். வருடா வருடம் போர்வை கொடுப்பதைவிட, அவர்கள் மேட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போக வழி செய்வது பெரிய உதவி இல்லையா?

பல்லடம் டீச்சர் எழுதியது:

தறிக்காரத் தம்பி சொன்னதற்கு ஒரு வழி இருக்கிறது. வாடகை வீட்டுக்குப் போகத் தடையாக இருப்பது மாத வாடகை இல்லை, அட்வான்ஸ்தான். மாதம் 4,000 கட்ட முடிகிறவரால் ஒரேயடியாக 40,000 எடுத்து வைக்க முடியாது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி குடியிருப்புக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்கிறவர்களே ஜாஸ்தி. உங்கள் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்? அவர்கள் முதலில் மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொள்ளட்டும். அந்த மூன்று மாத அட்வான்சைச் சங்கம் கட்டி, குடியிருப்பவர் மாதம் கொஞ்சமாகத் திருப்பிச் செலுத்தட்டும். கடைக்கால் நிதிக்கும் இதற்கும் கணக்கு ஒன்றுதான். என் வகுப்புப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறி, பள்ளிக்கூடமும் மாறி, படிப்பு நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வீட்டில் நிலையாக மூன்று வருடம் இருந்தால் அந்தப் பிள்ளை எட்டாவதைத் தாண்டிவிடும்.

ஓய்வுபெற்ற ஒன்றிய எழுத்தர் எழுதியது:

ஒன்றிய அலுவலகத்தில் வீடு கட்டும் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சில விவரங்கள்.

கனவு இல்லம் 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தது. 2030க்குள் 8 லட்சம் வீடு கட்டிக் குடிசை இல்லாத தமிழகம் ஆக்குவது இலக்கு. 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும், மீதி 60ஐத் தீப்பிடிக்காத வேறு கூரையாகப் பயனாளி விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். ஓலையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கூடாது. குடிசையில் குடியிருக்க வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும், பெயர் கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டும். இது ஊராட்சிகளுக்கு உரியது. பேரூராட்சி, நகராட்சிக்காரர்கள் வேறு திட்டத்தைப் பார்க்க வேண்டும். 2015இல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் சொந்த மனையில் கட்டுகிறவருக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60,000 ரூபாயும் கொடுத்தன. ஊரகத்துக்கான பிரதமர் திட்டம் 2016 நவம்பரில் தொடங்கியது, அடிப்படை மானியம் சமவெளியில் 1.20 லட்சம், மலையில் 1.30 லட்சம். மாநில அரசு கான்கிரீட் கூரைக்கென்று தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறது.

சங்கங்கள் பணம் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடிய பெரிய வேலை காகித வேலை. பாதி மனுக்கள் நிற்பது பட்டாவில். அப்பா இறந்து இருபது வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி நான்கு பேர் கூட்டுப் பட்டா, ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து, பெயர் மாற்றித் தர ஒரு ஆள் கூடவே நடந்தால் போதும், செலவு மிகக் குறைவு. சங்கத்தில் ஒரு வக்கீலும் ஒரு சர்வேயரும் இருந்தால் இது நடக்கும். புறம்போக்கில் இருப்பவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், இருந்தால் பட்டாவுக்கு வழி உண்டு. ஓடை, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் கிடைக்காது. அங்கே கடைக்கால் போட உதவினால் அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்ததாக ஆகாது.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் வரை உதவி உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் நிறைய பேர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அவர்களை வரவழைத்துப் புதுப்பித்துக் கொடுங்கள்.

உடுமலைக் காத்து எழுதியது:

புது வீடு மட்டும் பேசுகிறீர்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று காற்றாலைக்காரர்களைக் கேளுங்கள். தகரக் கூரையைத் தூக்கிப் பக்கத்துத் தோட்டத்தில் போட்டுவிடும். ஆனி மாதமே நாலு பேர் கிளம்பிப் போய், தளர்ந்த ஜே-போல்ட்டை மாற்றி, கூரையைச் சுவரோடு சேர்த்துக் கம்பி கட்டிவிட்டு வந்தால் ஒரு வீட்டுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். அரசு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளில் மேலே பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது, குழந்தைகள் அதற்குக் கீழேதான் தூங்குகின்றன. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு திட்டம் வந்தது. அதற்கு மனு எழுதிக் கொடுக்கவாவது ஆள் வேண்டும்.

அம்மாபேட்டைப் பொண்ணு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீடு ஒரு சங்கம் கட்டிக் கொடுத்தது, நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில்தான் படித்து வேலைக்கு வந்தேன், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் திறப்பு விழா அன்றைக்கு அம்மாவை நிற்க வைத்துச் சாவியின் அட்டை மாதிரியைக் கையில் கொடுத்து எத்தனையோ முறை போட்டோ எடுத்தார்கள். வாசல் பக்கச் சுவரில் நன்கொடையாளர் பெயர்கள் பதித்த கல் இருக்கிறது. பள்ளித் தோழிகள் வந்தால் அந்தக் கல்லைத்தான் முதலில் படிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அதைத்தான் படித்தார்கள். அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.

கடைக்கால் நிதி எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். கடைக்கால் மண்ணுக்குள் போய்விடும். மேலே நிற்கிற வீடு அந்த அம்மா கட்டிய வீடு. தயவுசெய்து கல் பதிக்காதீர்கள். போட்டோ வேண்டும் என்றால் வேலை செய்கிறபோது எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலைக்காரர் எழுதியது:

தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது. தானம் என்றால் மரியாதை தானாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். பொருளாகக் கொடுப்பது, வட்டி இல்லை, பத்திரம் இல்லை என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முழுதாகக் கட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிடாதீர்கள். எந்தத் திட்டத்திலும் பெயர் வராத ஆட்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்கிற வயதானவர், படுத்த படுக்கையாக இருக்கிறவர், இவர்களால் 360 சதுர அடியைக் கட்டி முடிக்க ஓட முடியாது.

பவானிக்கரை எழுதியது:

இந்த வாரக் கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அம்மாபேட்டைத் தங்கச்சி எழுதியதை வாசித்தபோது யாரும் பேசவில்லை. கல் பதிப்பதில்லை என்று உடனே தீர்மானம் போட்டார்கள். கடைக்கால் நிதி தொடங்குகிறது. சென்னிமலை அண்ணன் சொன்னபடி, முழு வீட்டுக்கான பணத்தில் ஒரு பகுதியைத் திட்டத்துக்குள் வராத வயதானவர்களுக்கென்று தனியே வைக்கிறோம். வக்கீல் ஒருவர் பட்டா வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், சர்வேயர் தேடுகிறோம். டீச்சரம்மா யோசனைக்குத்தான் எதிர்ப்பு. மூன்று மாத அட்வான்ஸ் என்றதும் லைன் வீடு வைத்திருக்கிற இரண்டு மூன்று உறுப்பினர்கள் முகம் மாறியது. ஒருவர் மட்டும் தன் வீடுகளுக்கு அப்படியே செய்வதாக எழுந்து சொன்னார். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், விடப்போவதில்லை.

எழுத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி. தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக்குள் உள்ள வீட்டில்) மூன்று தலைமுறையாக இருந்து பண்ணையம் பார்க்கிற குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. தோட்டக்காரர் நல்ல மனுஷர், இரண்டரை சென்ட் எழுதித் தரத் தயார் என்கிறார். ஆனால் அது விவசாய நிலம், கூட்டுப் பட்டா. எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஒன்றிய எழுத்தர் எழுதியது:

முதலில் தோட்டக்காரரின் பங்காளிகள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும். அது இல்லாமல் எதுவும் எழுதாதீர்கள். சம்மதித்தால் வாய்ப்பேச்சாக விடாமல் தானப் பத்திரமாகவே பதிவு செய்யுங்கள், வீட்டுப் பெண்மணி பெயரில். பதிவுச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். அப்புறம் உட்பிரிவுக்கு மனு, தனிப் பட்டா. தோட்டத்துக்குள் போக வழித்தடம் எத்தனை அடி என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள், பின்னால் சண்டை வருவது அதில்தான். பட்டா கைக்கு வந்ததும் அடுத்த கிராம சபையில் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதுகிற அன்றைக்கு வக்கீலைக் கூட்டிப்போங்கள், நானும் வருகிறேன்.